பெரட்டுக் களம் தரும் பாடம்: இணைப்புச் செயலிக்கு அமைப்புகள் இடும் முறை

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் கூடும் தொழிலாளர்களை நாம் அறிவோம். கையில் உளி, தோளில் வாளி. பெயர் வாசிக்கப்படுகிறது. “இன்று உமக்கு எட்டாம் நிரை, அவர் விடுப்பில் இருப்பதால் அவருடைய நிரையைப் பக்கத்து நிரைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும், மேட்டுப் பகுதியில் மழை ஈரம் காய்ந்த பிறகே வெட்டுத் தொடங்க வேண்டும்” என்று மண்டோர் உத்தரவு சொல்கிறார். உத்தரவைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குச் செல்கின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரையின் எண்ணை உளியின் பிடியில் செதுக்கி வைப்பவர் எவரேனும் உண்டா? இல்லை. அப்படிச் செதுக்கினால், நிரை மாறும் ஒவ்வொரு நாளும் கொல்லனிடம் சென்று புதிய பிடி போட வேண்டியிருக்கும். உளி ஒன்றே, வெட்டும் திறமையும் ஒன்றே, எங்கே, எப்போது, எந்த முறையில் என்பது மட்டும் வேலை தொடங்கும் வேளையில் வெளியிலிருந்து சொல்லப்படுகிறது.

இன்றைய கணினி உலகில் மிகத் தேவையான ஒரு பாடம் இந்த எளிய வழக்கத்தினுள் அடங்கியுள்ளது. “இயங்கும் வேளையில் இடும் அமைப்புகள்” என்பது அதன் பெயர். நம்முடைய சம்பளமும் சேமநிதியும் இன்று கணினி வழியாகவே செல்வதால், இப்பாடம் அலுவலகத்தில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

இணைப்புச் செயலி என்றால் என்ன?

முற்காலத்தில் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் ஒருவர் இருப்பார். பால் கொட்டகையில் எழுதிய நிறுவைக் கணக்கைப் பார்த்துச் செக்ரோலில் பதிவார். செக்ரோலைப் பார்த்துச் சம்பளப் பட்டியல் தயாரிப்பார். அந்தப் பட்டியலைப் பார்த்து ஊழியர் சேமநிதிக்கான படிவத்தை நிரப்புவார். ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு எண்களைப் பெயர்த்து எழுதுவதே அவருடைய வேலையில் பெரும்பகுதி.

இன்று அந்த ஏடுகள் தனித்தனி மென்பொருள்களாகிவிட்டன. நிறுவைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. வங்கிக்கும் சேமநிதிக்கும் அவரவர் கணினி அமைப்புகள். இவை ஒன்றின் மொழியை மற்றொன்று அறியா. இடையில் நின்று, ஒன்றிலிருந்து செய்தியை எடுத்து, உருவம் மாற்றி, மற்றொன்றிடம் சேர்க்கும் மென்பொருளே இணைப்புச் செயலி. கிராணியாரின் பெயர்த்தெழுதும் வேலையை அதுவே செய்கிறது.

இத்தகைய செயலிகளை உருவாக்கப் பயன்படும் கருவிகளுள் ஒன்று மியூல். ராஸ் மேசன் என்பவர் 2003-ஆம் ஆண்டில் இதன் பணியைத் தொடங்கினார். மியூல் என்றால் கோவேறு கழுதை. கணினிகளை இணைப்பதில் உள்ள கழுதைப்பாட்டை மனிதன் தோளிலிருந்து இறக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் பிறந்த பெயர் அது. பின்னர் மியூல்சாஃப்ட் என்னும் நிறுவனமாக வளர்ந்த அது, 2018-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இப்பாடத்துக்கு மியூலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மற்றக் கருவிகளிலும் பெயர்கள் வேறுபடுமேயன்றி அடிப்படை ஒன்றுதான்.

400 தொழிலாளர்கள் உள்ள ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்குள்ள இணைப்புச் செயலி மாத இறுதியில் சம்பளத் தொகைகளைப் பெறுகிறது. சேமநிதிச் சந்தாவைக் கணக்கிடுகிறது. சம்பளத்தை வங்கிக்கும், சந்தாப் பட்டியலைச் சேமநிதிக்கும் அனுப்புகிறது. இந்தத் தோட்டத்தை இப்பாடம் முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நிரல், அமைப்பு, தரவு

பெரட்டுக் களத்துக்கே மீண்டும் வருவோம். அங்கே மூன்று பொருள்கள் உள்ளன. உளியும் வெட்டும் திறமையும் ஒன்று. காலையில் சொல்லப்படும் உத்தரவு இரண்டாவது. மரத்திலிருந்து மங்கில் வடியும் பால் மூன்றாவது.

கணினியிலும் இப்படியே. வேலையை எவ்வாறு செய்வது என்று எழுதி வைத்திருப்பது நிரல். எந்த இடத்தில், எந்த அளவில், யாருடைய அனுமதியோடு செய்வது என்று சொல்வது அமைப்பு. நாள்தோறும் வந்து போகும் எண்களும் பெயர்களும் தரவு. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது எனலாம்.

ஊழியர் சேமநிதியைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காணலாம். தொழிலாளரின் பங்கு 11 விழுக்காடு என்பது நாம் அறிந்தது. எனினும் கொரோனா நோய்க் காலத்தில் அது மாறியது. 2020 ஏப்ரல் முதல் அவ்வாண்டு இறுதிவரை 7 விழுக்காடாகவும், 2021 ஜனவரி முதல் 2022 ஜூன்வரை 9 விழுக்காடாகவும் இருந்து, 2022 ஜூலை மாதச் சம்பளத்திலிருந்து மீண்டும் 11 விழுக்காடாயிற்று. ஒரே விகிதம் இரண்டே கால் ஆண்டுக் காலத்தில் மூன்று முறை மாறியது. இத்தகைய எண்ணை நிரலுக்குள் எழுதி வைப்பது, நிரை எண்ணை உளியில் செதுக்குவதற்கு ஒப்பாகும். அது அமைப்பாக வெளியே இருக்க வேண்டும்.

அதே காலத்தில், குறைந்த விகிதம் வேண்டாம், முன்போல் 11 விழுக்காடே பிடிக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கவும் தொழிலாளர்களுக்கு வழி இருந்தது. யார் அவ்வாறு எழுதிக் கொடுத்தார் என்பது அமைப்பன்று; அது ஆளுக்கு ஆள் மாறும் தரவு. அதனை அந்தந்தத் தொழிலாளரின் பதிவில்தான் குறிக்க வேண்டும். அமைப்பில் வைத்தால் ஒருவர் விருப்பம் 400 பேர் தலையிலும் விழும்.

2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று. தொழிலாளர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. விகிதம் ஒன்றையே அமைப்பாக வைத்திருந்த செயலியில் எண்ணை மாற்றுவதால் மட்டும் இது நிறைவேறாது. இன்னாருக்கு இவ்விகிதம் என்று பிரித்தறியும் புதிய முறையே தேவை. அது நிரலின் வேலை. ஆகவே அமைப்பால் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. எண் மாறினால் அமைப்பு. முறை மாறினால் நிரல். ஆள் மாறினால் தரவு.

வெளியே வைப்பது ஏன்?

காரணங்கள் இரண்டு. மேலே கண்டவாறு, சட்டமும் விலையும் முகவரியும் மாறும்போது நிரலைத் தொடாமல் மாற்ற முடிவது முதற் காரணம். நிரலைத் தொட்டால் அதனை மீண்டும் கட்ட வேண்டும், மீண்டும் சோதிக்க வேண்டும். தொட்ட இடம் ஒன்றாயினும் கெடும் இடம் வேறாக இருக்கக்கூடும்.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. எந்தச் செயலியும் நேரே உண்மையான பணத்தில் கை வைப்பதில்லை. முதலில் சோதனைக் களத்தில் ஓடுகிறது. அங்கே பொய்ப் பெயர்கள், பொய்க் கணக்குகள், சோதனைக்கென்றே அமைந்த வங்கி வாயில். நன்றாக ஓடிய பின்னரே உண்மைக் களத்துக்குச் செல்கிறது. இரு களங்களிலும் ஓடுவது ஒரே நிரலாக இருந்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு. களத்துக்குக் களம் நிரலைத் திருத்தினால், நாம் சோதித்தது ஒன்று, ஓட்டுவது வேறொன்று என்றாகிவிடும். எனவே வங்கியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை களந்தோறும் வேறாக, வெளியிலிருந்து வருதல் வேண்டும்.

2011-ஆம் ஆண்டில் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ், நல்ல செயலிக்கு உரிய பன்னிரண்டு நெறிகளை வெளியிட்டார். அமைப்புகளை நிரலிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது அவற்றுள் மூன்றாவது நெறி. அதற்கு அவர் ஓர் எளிய சோதனையும் கூறினார். உங்கள் நிரல் முழுவதையும் இந்த நொடியே ஊரறிய வெளியிட்டாலும் எந்த இரகசியமும் வெளியாகாது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியுமென்றால் பிரிப்பு சரியாக நடந்திருக்கிறது என்பது பொருள்.

அமைப்பு இடும் முறை

மியூல் செயலியில் இது நடக்கும் வகையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி, பெயரிடுதல். நிரலுக்குள் எண்ணையோ முகவரியையோ எழுதாமல், அவ்விடத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதுகிறார்கள். டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இட்டு, அதனுள் “வங்கி.முகவரி”, “சேமநிதி.தொழிலாளர்விகிதம்” என்பன போல் புள்ளியிட்ட பெயர்களை ஆங்கில எழுத்தில் அமைப்பார்கள். “இவ்விடத்துக்கு உரிய மதிப்பை வெளியிலிருந்து பெற்றுக்கொள்” என்பதே இதன் பொருள்.

இரண்டாம் படி, கோப்பு எழுதுதல். ஒவ்வொரு களத்துக்கும் ஒவ்வொரு அமைப்புக் கோப்பு. பெயர் ஒரு பக்கம், மதிப்பு மறுபக்கம். சோதனைக் களத்துக்கு ஒரு கோப்பு, உண்மைக் களத்துக்கு ஒரு கோப்பு.

மூன்றாம் படி, களத்தைச் சொல்லுதல். “இப்போது நீ இருப்பது உண்மைக் களம்” என்று ஒரே ஒரு சொல்லைச் செயலி தொடங்கும் வேளையில் வெளியிலிருந்து தருகிறார்கள். அச்சொல்லைக் கொண்டு தனக்குரிய கோப்பைச் செயலி தானே தேர்ந்துகொள்கிறது.

நான்காம் படி, மேலாண்மைத் திரையில் இடுதல். செயலிகளை இயக்கவும் நிறுத்தவும் ரன்டைம் மேனேஜர் என்னும் திரை உள்ளது. அதில் அமைப்புகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. பெயரையும் மதிப்பையும் தட்டெழுதி, மாற்றத்தை நடைமுறைப்படுத்தினால், செயலி மீண்டும் தொடங்கிப் புதிய மதிப்பை ஏற்கிறது. அமைப்புகள் தொடக்க வேளையில்தான் வாசிக்கப்படுகின்றன என்பதை நினைவில் இருத்த வேண்டும். பெரட்டு முடிந்து எல்லாரும் காட்டுக்குள் சென்ற பிறகு களத்தில் நின்று உத்தரவு சொன்னால் யார் காதில் விழும்?

யாருடைய சொல் மேலானது?

ஒரே பெயருக்கு இரண்டு இடங்களில் இரண்டு மதிப்புகள் இருந்தால் எது செல்லும்? மியூலில் இதற்கு ஒரு வரிசை உண்டு. செயலியை நிறுவும்போது திரையில் இட்ட மதிப்பு எல்லாவற்றுக்கும் மேலானது. அதற்கு அடுத்தபடி, இயக்கத் தொடக்கத்தில் முறைமைக்குத் தந்த மதிப்பு. அதற்கும் அடுத்தபடி, கணினியின் சூழலில் உள்ள மதிப்பு. எல்லாவற்றுக்கும் கீழே, செயலியுடன் வந்த கோப்பில் உள்ள மதிப்பு. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அட்டவணை எதுவாயினும், காலைப் பெரட்டில் சொன்ன உத்தரவே அன்றைக்குச் செல்லும் என்பதைப் போன்றது இது.

இந்த வரிசை நன்மைக்காக ஏற்பட்டதுதான்; ஆயினும் இதில் இரு கண்ணிகள் உள்ளன.

முதற்கண்ணி, மறந்துபோன உத்தரவு. நம் தோட்டத்தில் 2021-ஆம் ஆண்டில் யாரோ ஒருவர் அவசரத்தில் 9 விழுக்காட்டைத் திரையில் இட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் வேறொருவர் முறைப்படி கோப்பைத் திருத்தி 11 ஆக்குகிறார். கோப்பில் பார்த்தால் 11. சோதனைக் களத்தில் பார்த்தாலும் 11. ஆனால் உண்மைக் களத்தில் திரையின் 9 மேலே நின்று கோப்பின் 11-ஐ மறைத்துக்கொண்டிருக்கும். செயலியும் எவ்விதக் குறையுமின்றி ஓடும். 1500 வெள்ளி சம்பளம் பெறும் தொழிலாளருக்கு 165 வெள்ளி பிடிக்க வேண்டிய இடத்தில் 135 வெள்ளிதான் பிடிக்கப்படும். கைக்கு 30 வெள்ளி கூடுதலாக வந்தது போலத் தோன்றும். அதுவோ முதுமைக்கென்று சேர வேண்டிய பணம். எல்லாரும் அதே சம்பளம் பெறுவதாகக் கொண்டால், 400 பேருக்கு ஒரு மாதத்தில் 12,000 வெள்ளி குறைவு. திரையில் இட்ட தற்காலிக மதிப்பை வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி.

இரண்டாம் கண்ணி, பெயர்ப் பிழை. மதிப்பே இல்லாத பெயர் நிரலில் இருந்தால், மியூல் செயலி “இப்பெயருக்கு மதிப்பு காணேன்” என்று கூறித் தொடங்க மறுக்கும். அது நல்லது; தவறு உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் திரையில் இடும் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் எவரும் தடுப்பதில்லை. அது யாருக்கும் பயன்படாத புதுப் பெயராகத் திரையில் கிடக்கும். செயலியோ கோப்பில் உள்ள பழைய மதிப்பையே எடுத்துக்கொள்ளும். மாற்றினோம் என்று நாம் நம்புவோம், மாறியிருக்காது. தவறான பெயரைக் கூப்பிட்டுச் சொன்ன உத்தரவுக்கு யார் எழுந்து வருவார்? ஆதலால் பெயரைக் கையால் தட்டாமல், உள்ளதிலிருந்து படியெடுத்து இடுவதே பாதுகாப்பு.

நாளும் மாதமும்

அமைப்பை மாற்றும் நாள் எது என்பதும் பெரிய கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1 முதல் 1500 வெள்ளியாக இருந்தது. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 1700 வெள்ளியாயிற்று. ஐவருக்கும் குறைவானோர் உள்ள இடங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் அது வந்தது. ஐந்து பேருக்கு மேற்பட்ட தோட்டத்தில் பிப்ரவரி 1-இல் எண்ணை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் கொடுக்கலாம். ஆகவே பிப்ரவரி முதல் வாரத்தில் செயலி கணக்கிடுவது ஜனவரிச் சம்பளமாக இருக்கக்கூடும். அப்போது 1700 என்ற எண் ஜனவரிக் கணக்கில் புகுந்து குழப்பும். விகிதம் உயரும்போது மட்டுமன்றிக் குறையும்போதும் இதே குழப்பம் நேரும்; அப்போது இழப்பு தொழிலாளருக்கு.

இதற்குத் தீர்வு, எண்ணை மட்டும் தனியே வைக்காமல், “எந்த மாதச் சம்பளத்திலிருந்து” என்பதையும் அதனோடு சேர்த்து அமைப்பில் எழுதுவது. அப்போது பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டும் இருக்கும். செயலி எந்த மாதத்துக்குக் கணக்கிடுகிறதோ அதற்குரியதை எடுத்துக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் மாறியதா?

பெரிய செயலிகள் ஒரே கணினியில் ஓடுவதில்லை. ஒன்றன் படிகள் பல கணினிகளில் ஓடும். நிரலும் அமைப்பும் எல்லாப் படிகளிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. நைட் கேப்பிட்டல் என்பது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிறுவனம். 2012-இல் அது தன் செயலியில் புதிய நிரலைச் சேர்த்தது. எட்டுக் கணினிகளில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியது. எட்டாவதில் பழையதே நின்றுவிட்டது. அந்தப் பழைய நிரலில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் உறங்கிக் கிடந்த ஒரு பகுதி இருந்தது. அதனை எழுப்ப முன்பு பயன்பட்ட அதே அமைப்புக் குறியையே, புதிய வேலைக்கும் குறியாக வைத்திருந்தனர். 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது, குறி இயங்கியது, ஏழு கணினிகள் புதிய வேலையைச் செய்ய, எட்டாவது கணினி பழைய பகுதியை எழுப்பிக் கணக்கின்றி வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. 2013 அக்டோபரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அதற்கு 1 கோடியே 20 இலட்சம் டாலர் தண்டமும் விதித்தது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறலாம். ஒரு பணிக்கு வைத்த அமைப்புப் பெயரை வேறொரு பணிக்கு மறுபடி பயன்படுத்தலாகாது. மாற்றம் எல்லாப் படிகளிலும் சேர்ந்ததா என்பதை இன்னொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மறைத்து வைக்க வேண்டியவை

வங்கிக்குச் செல்லும் செயலிக்குக் கடவுச்சொல் வேண்டும். அதுவும் ஓர் அமைப்புதான். ஆனால் அலுவலகச் சாவியைப் போன்றது. சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுச் செல்வார் உண்டோ?

மியூலில் இதற்கு இரு காவல்கள் உள்ளன. கோப்பில் எழுதும் இரகசியத்தைக் குறியாக்கம் செய்து, பார்ப்பவருக்குப் புரியாத எழுத்துகளாக மாற்றி வைப்பது முதற்காவல். அதனைத் திறக்கும் திறவுகோல் கோப்பில் இராது. செயலி தொடங்கும் வேளையில் மட்டும் வெளியிலிருந்து தரப்படும். இரண்டாவது காவல், இன்னின்ன பெயர்கள் இரகசியம் என்று செயலியின் விவரக் கோப்பில் பட்டியலிடுவது. அப்பெயர்களுக்குத் திரையில் மதிப்பை இட்டால், பிறகு அதனை எவரும் வாசிக்க முடியாது; புதிதாக மாற்ற மட்டுமே முடியும்.

இக்காவலை விட்டால் நேர்வது என்ன? 2016-இல் ஊபர் நிறுவனத்தில் நடந்தது அதனைக் காட்டுகிறது. அந்நிறுவனத்தின் நிரல் எழுதுவோர் கிட்ஹப் தளத்தில் தங்களுக்கெனத் தனியே வைத்திருந்த பகுதியில், தரவுக் கிடங்கின் திறவுகோலும் நிரலோடு நிரலாக இருந்தது. அப்பகுதிக்குள் புகுந்த இருவர் அத்திறவுகோலை எடுத்து, 5 கோடியே 70 இலட்சம் பேருடைய விவரங்களைக் கவர்ந்தனர். 2017 நவம்பரில்தான் உலகம் இதனை அறிந்தது. பூட்டிய அறைதானே என்று எண்ணிச் சாவியை உள்ளே வைத்ததனால் வந்த வினை அது.

செயலி தன் நாட்குறிப்பில் கடவுச்சொல்லை எழுதிவிடாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

மாற்றுவோர் செய்ய வேண்டியவை

அமைப்பை மாற்றும் பொறுப்பில் உள்ளவர் ஐந்து செயல்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்று: மாற்றுமுன் பழைய மதிப்பைக் குறித்து வைத்தல். தவறு நேர்ந்தால் திரும்பிச் செல்ல வழி அதுவே.

இரண்டு: யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதை எழுதுதல். இரகசியமாயின் மதிப்பை எழுதாமல், மாற்றிய செய்தியை மட்டும் எழுதுதல்.

மூன்று: முதலில் சோதனைக் களத்தில் மாற்றிப் பார்த்தல்.

நான்கு: சம்பளப் பட்டியல் வங்கிக்குச் சென்றுகொண்டிருக்கும் வேளையில் மாற்றாதிருத்தல். செயலி மீண்டும் தொடங்குவதால் பாதி சென்று பாதி நின்றுவிடும் நிலை வரக்கூடும்.

ஐந்து: மாற்றிய பின், விடை தெரிந்த ஒரு கணக்கைச் செயலியிடம் கொடுத்துப் பார்த்தல். 60 வயதுக்கு உட்பட்ட குடிமகன் ஒருவரின் சம்பளம் 1700 வெள்ளி எனில், தொழிலாளர் பங்கு 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 விழுக்காட்டின்படி 221 வெள்ளி. திரை என்ன சொன்னாலும், கோப்பு என்ன சொன்னாலும், இந்த இரண்டு எண்களும் வந்தால்தான் அமைப்பு சரியென்று கொள்ள வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

“இவையெல்லாம் அலுவலகத்தார் வேலை, நாம் உளி பிடிப்பவர்கள்” என்று சிலர் எண்ணலாம். ஆனால் மேலே கண்ட தவறுகள் யாவும் ஓசையின்றி நடப்பவை. செயலி நிற்பதில்லை, மணி அடிப்பதில்லை, பிழையான எண்ணைத் திருத்தமாக அச்சிட்டுத் தந்துவிடும். அந்த எண் இறுதியாக வந்து சேரும் இடம் நம்முடைய சம்பளச் சீட்டு. ஆதலால் கடைசிச் சோதனை நம் கையில் உள்ளது.

பால் கொட்டகையில் தன் வாளி நிறுக்கப்படும்போது முள்ளைப் பார்க்காமல் திரும்புகிறவர் உண்டா? சம்பளச் சீட்டையும் அவ்வாறே பார்ப்போம். விகிதமோ குறைந்தபட்சச் சம்பளமோ மாறியதாகச் செய்தி வந்தால், அடுத்த இரு மாதச் சீட்டுகளைக் கூர்ந்து நோக்குவோம். சேமநிதிக் கணக்கில் சேர்ந்த தொகை சீட்டில் கண்ட தொகையோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒவ்வாவிடில், “கணினி தவறு செய்யாது” என்று யாரேனும் சொன்னாலும் தயங்காமல் கேட்போம். கணினி தானாகத் தவறு செய்வது அரிது. தனக்கு இட்ட உத்தரவை அப்படியே நிறைவேற்றும். உத்தரவு இட்டவர் மனிதர், மனிதர் மறப்பதுண்டு. மரியாதையோடு கேட்கும் ஒரு கேள்வி, 400 பேருடைய பணத்தைக் காக்கக்கூடும்.

நம் பிள்ளைகளுள் கணினிக் கல்வி பெறுவோர் இப்பாடத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்லலாம். மாறாததைக் கட்டி வைப்பது, மாறுவதை வெளியே வைப்பது, இரகசியத்தைப் பூட்டி வைப்பது, மாற்றியதைச் சரிபார்ப்பது ஆகிய நான்கும் அவர்கள் எந்தக் கருவியைக் கையாண்டாலும் உதவும். இவை அவர்களுக்குப் புதியவையும் அல்ல. பெற்றோர் நாள்தோறும் பெரட்டுக் களத்தில் செய்வதைத்தான் அவர்கள் திரையின்முன் அமர்ந்து செய்யப் போகிறார்கள்.

பயிற்சி வினாக்கள்

1. நிரல், அமைப்பு, தரவு ஆகிய மூன்றுக்கும் நம் தோட்ட வேலையிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுக் கூறுக.

2. கோப்பில் 11 என்றும் திரையில் 9 என்றும் இருந்தால் செயலி எதனை ஏற்கும்? ஏன்?

3. பிப்ரவரி 1 முதல் விகிதம் மாறுகிறது. பிப்ரவரி 5-இல் கணக்கிடப்படும் ஜனவரிச் சம்பளத்துக்கு எந்த விகிதம் பொருந்தும்?

4. சென்ற மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, சேமநிதிக்குப் பிடித்த தொகை சரிதானா என்று வீட்டில் உள்ள பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்க.